ரிப்போர்ட்டில் ‘டி.என்.ஏ.’ என்று இருக்கிறது. இது பரம்பரை நோயா டாக்டர்?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 24, சென்னையில் வேலை. இந்தத் தைப்பூசத்துக்கு உறவினர்களோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போனாள். ஊர் திரும்பிய சில நாட்களில் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்தது. விரல் மூட்டுகளில் வலி, காலையில் கையை மடக்க முடியாத இறுக்கம், விட்டுவிட்டுக் காய்ச்சல், கொத்தாக முடி உதிர்வு. வெயிலில் நடந்த சூடு என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். கடைசியில் மதுரையில் பார்த்த மருத்துவர் ‘லூபஸ்’ (எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்கும் நோய்) என்று சொல்லி, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் கொடுத்தார். ‘ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ. பாசிட்டிவ்’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து ஆச்சிக்குத் தூக்கமில்லை. டி.என்.ஏ.விலேயே கோளாறு என்றால் வம்சத்துக்கே வருமே, அயித்தை மகனுக்குப் பேசிவைத்த சம்பந்தம் என்னாவது, அவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று கேட்கிறார். இதற்கிடையில் ‘ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கண்ணைக் கெடுத்துவிடும்’ என்று உறவினர் ஒருவர் சொல்ல, மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டு, எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று சீந்தில் சூரணம் கொடுக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோ, டி.என்.ஏ.வை உணரும் புரதத்தையே அடக்கும் புது மருந்து வரப்போகிறது, பொறுத்திருக்கலாம் என்கிறாராம். ‘இவள் வயிற்றில் இருந்தபோது நான் என்ன தப்புச் செய்தேனோ’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஆச்சி,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாமல் விட்டதோ, பட்ட கவலையோ இந்த நோயைக் கொண்டுவரவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். ஏனென்றால் இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டிய வேலை மூன்று இருக்கிறது.

மதுரை மருத்துவருக்கு இன்றே போன் போட்டு, மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லி, அவர் சொல்லும் அளவில் மறுபடி தொடங்குங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதீர்கள்; மறைத்தால் அவர் தவறான கணக்கில் வைத்தியம் செய்வார். இரண்டாவது, சீந்தில் சூரணத்தை நிறுத்துங்கள். மூன்றாவது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் இல்லை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போவது, காலையில் கண் இமை வீங்கியிருப்பது, மாலையில் கணுக்கால் வீங்குவது எல்லாம் பின்னால்தான் தெரியும். காரைக்குடியிலேயே எந்த லேபிலும் பார்க்கலாம், பெரிய செலவில்லை. ஸ்டீராய்டை விடாமல் கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அந்த ரிப்போர்ட் உங்கள் மகளின் டி.என்.ஏ.வைப் பார்க்கவே இல்லை

நீங்கள் அனுப்பிய நகலில் பரிசோதனை முறை என்ற இடத்தில் ‘கிரித்திடியா’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அது ஓர் ஓரணு உயிரி, கண்ணுக்குத் தெரியாது. அதன் உடலில் வால் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் டி.என்.ஏ. ஒரு புள்ளியாகத் திரண்டிருக்கும். கண்ணாடித் தகட்டில் அந்த உயிரிகளை ஒட்டிவைத்து, உங்கள் மகளின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை நீர்க்க வைத்து அதன்மேல் விடுவார்கள். கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்தப் புள்ளி பச்சையாக மின்னினால் பாசிட்டிவ். டி.என்.ஏ.வைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் உங்கள் மகளின் ரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அவளுடைய மரபணு நல்லதா கெட்டதா என்று அங்கே யாரும் ஆராயவில்லை. ‘டி.என்.ஏ. கெட்டுப்போச்சு’ என்று வீட்டில் பேசிக்கொள்வதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பரம்பரைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது; நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றுதான். அப்படிப்பட்டவர்களில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 24 சதவீதத்தில்தான் என்று 1992-இல் வெளியான ஆய்வு சொன்னது. இரு கருவில் வந்த இரட்டையர்களில் அது 2 சதவீதம். மரபணு வழி திறந்துவைக்கலாம். வெயில், கிருமித்தொற்று, ஹார்மோன் என்று வேறு பலவும் சேர்ந்தால்தான் நோய் உள்ளே வருகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்க இதில் ஒன்றுமில்லை.

உடம்பு ஏன் தன் டி.என்.ஏ.வோடு சண்டைக்குப் போகிறது

மகன் அனுப்பிய கட்டுரை புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கும் மேலானவற்றுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் எதிர்ப்பு மண்டலத்தில் பிறவியிலேயே வந்த காவல் ஒன்று உண்டு. தடுப்பூசி போட்டோ ஒரு தடவை நோய் வந்தோ அது கற்றுக்கொள்வதில்லை. ஒரு சில அடையாளங்களைப் பார்த்ததும் அந்த நிமிடமே குரல் கொடுக்கும். அதற்குத் தெரிந்த அடையாளங்களில் ஒன்று டி.என்.ஏ. பல வைரஸ்களும் எல்லா பாக்டீரியாக்களும் டி.என்.ஏ.வைச் சுமந்துகொண்டுதான் உள்ளே நுழைகின்றன. நம் செல்லிலும் டி.என்.ஏ. இருக்கிறதே, எப்படி வேறுபடுத்துகிறது? பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான். உங்கள் வீட்டு நகை உள்வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. அதே நகை முகப்புத் திண்ணையில் கிடந்தால் காவல்காரர் திருடன் புகுந்துவிட்டான் என்றுதான் கத்துவார். யாருடைய நகை என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். செல்லின் உட்கருவுக்குள் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வெளியே தென்பட்டால் நடப்பது இதுதான்.

அந்தக் காவலர்களில் ஒன்றின் பெயர் ‘சி-காஸ்’. செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. தட்டுப்பட்டால் அது ஒரு சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். அது ‘ஸ்டிங்’ என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஜிஜியான் சென் குழுவினர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது 2012 கடைசியில். அதற்காக 2024-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. இன்னொரு காவலர் ‘டி.எல்.ஆர்.9’. செல் வெளியிலிருந்து விழுங்கியவற்றைக் கரைக்கும் அமிலப் பைகளுக்குள் டி.என்.ஏ. வந்தால் அதைக் கண்டுகொள்ளும். யார் குரல் கொடுத்தாலும் முடிவில் வெளிப்படும் முக்கியமான பொருள்களில் ஒன்று இன்டர்ஃபெரான்.

வைரஸ் காய்ச்சலில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருக்குமே, அந்த அசதியைத் தருவதில் இந்த இன்டர்ஃபெரானுக்குப் பெரும் பங்கு உண்டு. லூபஸ் நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இது கூடுதலாக இருக்கிறது என்று 1979-லேயே எழுதிவிட்டார்கள். மஞ்சள் காமாலை வைரஸுக்காக இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததும் உண்டு. ‘நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறாள், கேட்டால் களைப்பு என்கிறாள், எனக்குக் கோபம் வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி, அது சோம்பல் இல்லை. வைரஸே இல்லாமல், வைரஸ் காய்ச்சல் வந்தவள் மாதிரி அவள் மாதக்கணக்கில் இருக்கிறாள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

சாதாரணமாக, இறந்த செல்களிலிருந்து சிந்தும் டி.என்.ஏ.வை வெட்டிக் கரைத்து அப்புறப்படுத்தும் நொதிகள் நம்மிடம் இருக்கின்றன. செல்லுக்குள் ‘ட்ரெக்ஸ்1’, வெளியே ரத்தத்தில் ‘டி.என்.ஏஸ்1எல்3’. இவை பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சில அரிய குடும்பங்கள் சாட்சி. ட்ரெக்ஸ்1 பழுதானால் குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கும் கடுமையான நோய் வரலாம், குளிரில் விரல் நுனி புண்ணாகும் ஒருவகை லூபஸும் வரலாம். டி.என்.ஏஸ்1எல்3 இல்லாத குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே லூபஸ் வருவதை 2011-இல் அரபுக் குடும்பங்களில் கண்டார்கள். உங்கள் மகளுக்கு வந்திருப்பது இந்த வகை என்று நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இவை பெரும்பாலும் சிறுவயதிலேயே தலைகாட்டும். ஆனால் குப்பையாக வெளியேற வேண்டிய டி.என்.ஏ. தேங்கி நின்றால் அதுவே நோயைக் கிளப்பப் போதும் என்பதை இந்தக் குடும்பங்கள்தான் நமக்குத் தெளிவாகக் காட்டின.

பழனி நடையும் வெயிலும்

பாதயாத்திரையால்தான் நோய் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நடையால் இல்லை. வெயில், உள்ளே காத்திருந்த நோயை வெளியே கொண்டுவந்திருக்கலாம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது, அவற்றின் டி.என்.ஏ. வெளியே சிந்துகிறது. போதாததற்கு, அந்தக் கதிரால் உருமாறிய டி.என்.ஏ.வை ட்ரெக்ஸ்1 நொதியால் எளிதில் வெட்ட முடிவதில்லை என்று 2013-இல் காட்டியிருக்கிறார்கள். அது தேங்கத் தேங்கக் காவலர்கள் கூச்சலை நிறுத்துவதில்லை. கன்னத்தில் வந்த சிவப்பு, மூக்கின் இரு பக்கத்து மடிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கும், கவனித்துப் பாருங்கள். நிழல் விழும் இடம் அது.

மூன்று வருடம் நடப்பதாக வேண்டுதல் என்கிறீர்கள். வேண்டுதலை நான் குறுக்கே நின்று தடுக்கவில்லை. நோய் முழுதும் அடங்காமல் வரும் தைப்பூசத்துக்கு நடக்க வேண்டாம். அடங்கிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் மட்டும் நடந்து, பகலில் தங்கலாமா என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அன்றாடத்தில் காலை 10 முதல் மாலை 4 வரை நேர் வெயில் வேண்டாம். முழுக்கைச் சட்டை, குடை, எஸ்.பி.எஃப். 50 உள்ள கிரீம். மேகம் மூடிய நாளிலும் கிரீம் வேண்டும். வீட்டுக்குள்தானே இருக்கிறாள் என்று முற்றத்தில் வற்றல் காயவைக்க உட்கார வைக்காதீர்கள். உங்கள் வளவு முற்றத்தில் மத்தியான வெயில் நேராக இறங்கும். வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையும், அதையும் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் காரத்தையும் கறியையும் நிறுத்திப் பத்தியம் போட்டிருக்கிறீர்கள், அதற்குத் தேவையில்லை. சிறுநீரில் புரதம் போனால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

மாத்திரையும் சீந்திலும்

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மலேரியாவுக்கு வந்த மருந்து. செல்லுக்குள் இருக்கும் அந்த அமிலப் பைகளில் போய்ச் சேர்ந்து, டி.எல்.ஆர்.9 போன்ற காவலர்கள் டி.என்.ஏ.வைக் கண்டு கூச்சலிடுவதைத் தணிக்கிறது. நோயின் வேரிலேயே கை வைக்கும் மருந்து உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது, அதைத்தான் நிறுத்திவிட்டீர்கள். நோய் அமைதியாக இருந்தவர்களில் பாதிப்பேருக்கு இதை நிறுத்திப் பார்த்த கனடா ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. அது 1991-இல் வெளியானது. ‘மூன்று வாரமாகக் கொடுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். நிறுத்திய பல வாரங்களுக்குப் பிறகும் மிச்சம் இருக்கும். இப்போது அவளைத் தாங்குவது அந்த மிச்சம்.

கண் பற்றிய பயம் வெறும் வதந்தி இல்லை. பல வருடம் அதிக அளவில் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். அதனால்தான் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கிறோம். முதல் வருடத்துக்குள் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்குப் பின் வருடாவருடம் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் முன்பிருந்தே பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் ‘இந்த மாத்திரை சாப்பிடுகிறாள்’ என்று சொல்லிவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணுக்குப் பயந்து சிறுநீரகத்தை இழப்பது சரியான கணக்கு இல்லை.

சீந்தில் விஷயத்தில் உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. அவளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை ஆச்சி. அது அளவு மீறிப் போயிருக்கிறது. அதை இன்னும் தூண்டுவது எரியும் இடத்தில் ஊதுவது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குத் தன்னுடல் தாக்கும் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த சர்ச்சை எப்படி முடிந்தாலும் லூபஸ் இருக்கும் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்.

மகன் சொல்லும் புது மருந்து

மகன் படித்தது பொய் இல்லை. சி-காஸையும் ஸ்டிங்கையும் நேரடியாக அடக்கும் மருந்துகளை உலகமெங்கும் ஆராய்கிறார்கள். லூபஸுக்கு அவை இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. கிடைக்கும் நிலைக்கு வந்திருப்பது அடுத்த படியில் வேலை செய்வது: இன்டர்ஃபெரான் போய் ஒட்டும் வாசலை அடைக்கும் அனிஃப்ரோலுமாப். அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள். ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்தாக வந்தது, விலை அதிகம், அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்குத்தான் அதை யோசிப்போம், அப்போதும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோடு சேர்த்துத்தான். காத்திருக்கும் மாதங்களில் சிறுநீரகத்தில் விழும் தழும்பை எந்தப் புது மருந்தாலும் திருப்ப முடியாது. மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் அக்கறைக்கு வேறு வேலை கொடுக்கலாம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் புரதம், சி3, சி4 (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு மண்டலப் புரதங்கள்), ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ. அளவுகளை வரிசையாகக் குறித்து வைக்கட்டும். சி3, சி4 இறங்கி, டி.என்.ஏ. எதிர்ப்புரதம் ஏறினால் நோய் கிளம்புகிறது என்று எங்களுக்கு எச்சரிக்கை. அந்தக் கணக்கு பல தடவை சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

சம்பந்தமும் குழந்தையும்

லூபஸ் இருக்கும் பெண்கள் திருமணம் செய்கிறார்கள், ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பிறகு கருத்தரிக்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடர வேண்டும். கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க, முன்கூட்டியே ஆன்டி ரோ, ஆன்டி லா, ஆன்டி பாஸ்போலிப்பிட் பரிசோதனைகள் செய்ய வேண்டும். ஆன்டி ரோ இருந்தால் நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் கருவிலேயே இதயத் துடிப்பு தடைபடலாம். தெரிந்திருந்தால் கவனிக்க வழி உண்டு. பின்னால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் போன்ற மருந்து தேவைப்பட்டால், கருத்தரிக்கக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே மாற்ற வேண்டும்.

‘மாப்பிள்ளை வேறு கோவில், அதனால் ரத்த உறவு தோஷம் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நகரத்தாரில் கோவில் என்பது ஒரு குலப் பிரிவு; ஒரே கோவிலுக்குள் கட்டுவதில்லை என்ற வழக்கம் தகப்பன் வழியைப் பார்ப்பது. உங்கள் நாத்தனார் வேறு கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டதால் அவர் மகன் அந்தக் கோவில் பிள்ளை. ஆனால் அவருக்கும் உங்கள் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாகத்தான் இருக்கும். இதனால் அவர்கள் குழந்தைக்கு லூபஸ் வந்துவிடும் என்று சொல்லவில்லை. நான் முன்பு சொன்ன அரிய நொதிக் குறைகள், வேறு சில பிறவி நோய்கள் நெருங்கிய உறவுத் திருமணத்தில் சற்றுக் கூடும். சம்பந்தத்தை உறுதி செய்யுமுன் இருவரும் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடட்டும்.

மறைப்பது பற்றி என் கருத்து ஒன்றுதான்: மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை, வெயிலுக்கு ஒதுங்கும் பெண். இதைப் புகுந்த வீட்டில் எத்தனை நாள் ஒளிக்க முடியும்? ஒளிக்க முயன்ற வீடுகளில் முதலில் நிற்பது மாத்திரைதான். அதைப் பல குடும்பங்களில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகக் காட்டி, இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12-இன் கீழ் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. இந்த நோய் அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நாத்தனாரிடம் சொல்லத் தயக்கம் என்றால், மதுரை மருத்துவரிடம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போங்கள். ‘தொற்றாது, குழந்தை பெறலாம், மருந்து நிற்கக் கூடாது’ என்று அவர் வாயால் கேட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அதற்கு உங்கள் மகள் சம்மதிக்க வேண்டும். அவள் அனுமதி இல்லாமல் அவள் நோயைப் பற்றி எந்த மருத்துவரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச மாட்டார், பேசக் கூடாது. சொல்வது, எப்போது சொல்வது, இந்தச் சம்பந்தமே வேண்டுமா என்பதெல்லாம் 24 வயதுப் பெண்ணின் முடிவு. நான்கு பக்கக் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை ஆச்சி. மதுரைக்குப் போகும் முன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போகும்போது சிறுநீர் ரிப்போர்ட்டையும் மீதமிருக்கும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.